கப்பலுக்கும் பெயர் ராசி உண்டா?

2025-ஆம் ஆண்டு ஜூன் 14-ஆம் தேதி இரவு, பிரிட்டிஷ் போர்விமானம் ஒன்று திருவனந்தபுரம் விமான நிலையத்தில் அவசரமாக இறங்கியது. 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்' என்னும் விமானந்தாங்கிக் கப்பலைச் சேர்ந்த எஃப்-35பி ரக விமானம் அது. மோசமான வானிலையால் கப்பலுக்குத் திரும்ப முடியாமல், எரிபொருளும் குறைந்த நிலையில் அது நம் நாட்டில் இறங்கியது. பின்னர் அதன் ஹைட்ராலிக் அமைப்பில் கோளாறு கண்டது. ஐந்து வாரங்களுக்கு மேல் அங்கேயே நின்று, ஜூலை 22 அன்றுதான் புறப்பட்டுப் போயிற்று.

அந்த நாட்களில் ஒரு காலை, திருக்கழுக்குன்றம் பஸ் நிலையத்தில் செங்கற்பட்டு பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். எங்கள் தெருவைச் சேர்ந்த பிளஸ் டூ மாணவன் ஒருவன் அருகில் வந்தான்.

"சார், அந்தக் கப்பலுக்குப் பெயர் ராசி சரியில்லையாமே? இதே பெயர் வைத்த பழைய கப்பல் யுத்தத்தில் முழுகிப் போச்சாம். புதுசும் நடுவழியில் ரிப்பேராகி நின்னுதாம். இப்போ அதோட விமானமும் நிற்குது. பேரை மாத்திட்டா சரியாகிடுமா சார்?"

சிரித்துவிட்டு நகர எனக்கு மனம் வரவில்லை. பரீட்சையில் மார்க் குறைந்தால் பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டுவதும், கடையில் வியாபாரம் மந்தமானால் பலகையை மாற்றி எழுதுவதும் நம் ஊரில் நடக்கிற காரியங்களே. எனவே அவன் கேட்டது கப்பலைப் பற்றிய கேள்வி மட்டும் அல்ல. பஸ் வந்துவிட்டதால் அன்று பாதிதான் சொல்ல முடிந்தது. முழுப் பதிலையும் உங்கள் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெயரை வாரிசாகப் பெறலாம். பாதுகாப்பை அப்படிப் பெற முடியாது. அதை ஒவ்வொரு முறையும் அளந்து, சோதித்து, புதிதாகவே சம்பாதிக்க வேண்டும்.

ஒரே பெயர், பல கப்பல்கள்

பிரிட்டிஷ் கடற்படையில் ஒரு வழக்கம் உண்டு. பழைய கப்பல் போனபின் அதன் பெயரைப் புதிய கப்பலுக்குச் சூட்டுவார்கள். 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்' என்பது முடிசூடப் போகும் மூத்த இளவரசருக்கு அந்நாட்டில் வழங்கும் பட்டம். இந்தப் பட்டத்தைத் தாங்கிய சில கப்பல்களைப் பாருங்கள்.

1765-இல் மிதக்கவிடப்பட்டது மரத்தாலான பாய்க்கப்பல். அதில் 74 பீரங்கிகள். 1794-இல் வந்ததும் மரக்கப்பலே. ஆனால் 98 பீரங்கிகள். 1860-இல் வந்தது 121 பீரங்கிகள் கொண்ட பெரும் மரக்கப்பல். அதில் பாயும் இருந்தது, நீராவி எந்திரத்தால் சுழலும் உந்துவிசிறியும் இருந்தது. அதற்குள் இரும்புக் கவசக் கப்பல்களின் காலம் பிறந்துவிட்டபடியால், அதை 1869-இல் 'பிரிட்டானியா' என்று பெயர் மாற்றிப் பயிற்சிக் கப்பலாக்கிவிட்டார்கள். 1902-இல் வந்தது எஃகுக் கப்பல். பன்னிரண்டு அங்குல விட்டமுள்ள நான்கு பெரும் பீரங்கிகள் அதில் இருந்தன. 1939 மே மாதம் மிதக்கவிடப்பட்டது பதினான்கு அங்குலப் பீரங்கிகள் பத்துக் கொண்ட போர்க்கப்பல். வேடிக்கை என்னவென்றால், அந்த ஆண்டில் அப்பட்டத்தை வகிக்க இளவரசர் எவருமே இல்லை! பெயர் மட்டும் இருந்தது.

இப்போதுள்ள கப்பல் பீரங்கிக் கப்பலே அல்ல. சுமார் 280 மீட்டர் நீளமும் 65,000 டன்னுக்கு மேல் எடையும் உள்ள மிதக்கும் விமானத் தளம் அது. முந்திய கப்பலின் மூழ்கிய நாளையே நினைவுநாளாகத் தேர்ந்து, 2019 டிசம்பர் 10 அன்று அதைக் கடற்படையில் சேர்த்தார்கள்.

மரம், எஃகு, பாய், நீராவி, பீரங்கி, விமானம். பெயரைத் தவிர இவற்றுக்குள் பொதுவானது எதுவுமில்லை என்றே தோன்றும். உண்மையில் ஒன்று உண்டு. இவை அனைத்தும் ஆர்க்கிமிடீஸ் விதிக்குக் கட்டுப்பட்டே மிதந்தன. தான் விலக்கும் நீரின் எடைக்குச் சமமாகக் கப்பலின் எடை இருக்கும்வரை அது மிதக்கும். முன்புறத்தில் எந்த அரசரின் பெயரை எழுதினாலும் இந்தக் கணக்கில் ஒரு கிராம்கூட மாறாது.

1941, டிசம்பர் 10

மாணவன் சொன்ன முழுகிப்போன கப்பல் 1939-இல் மிதக்கவிடப்பட்டது. அதன் வாழ்வு குறுகியது. ஆனால் நிகழ்ச்சிகள் நிறைந்தது. 1941 மே 24 அன்று ஜெர்மனியின் 'பிஸ்மார்க்' கப்பலோடு அது மோதியது. அதன் குண்டுகள் பிஸ்மார்க்கின் எண்ணெய்த் தொட்டியைத் துளைத்தன. அதே ஆண்டு ஆகஸ்டில் பிரதமர் சர்ச்சில், அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டைச் சந்திக்க அட்லாண்டிக் கடலைக் கடந்தது இந்தக் கப்பலில்தான். பிறகு அது கிழக்கே அனுப்பப்பட்டது. கொழும்பு வழியாக டிசம்பர் 2 அன்று சிங்கப்பூர் சேர்ந்தது.

அப்போது மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் ஏராளமான தமிழர்கள் உழைத்துக்கொண்டிருந்தார்கள். இந்த மாபெரும் கப்பல் வந்துவிட்டது, இனி ஜப்பான் நெருங்காது என்று ஆட்சியாளர்கள் நம்பினார்கள். மக்களையும் நம்ப வைத்தார்கள். எட்டே நாட்களில் அந்த நம்பிக்கை தகர்ந்தது.

டிசம்பர் 10 காலை, மலாயாவின் குவாந்தான் கரைக்கு அப்பால், 'ரிபல்ஸ்' என்ற மற்றொரு போர்க்கப்பலோடு அது சென்றுகொண்டிருந்தது. மேலே காவலுக்குத் தன் பக்கத்து விமானம் ஒன்றுகூட இல்லை. இந்தோசீனாவிலிருந்து புறப்பட்ட எண்பதுக்கும் மேற்பட்ட ஜப்பானிய விமானங்கள் இரு கப்பல்களையும் தாக்கின. பிற்பகலுக்குள் இரண்டும் கடலுக்கு அடியில் போய்விட்டன. இறந்தவர்கள் 840 பேர். அவர்களுள் 327 பேர் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் கப்பலைச் சேர்ந்தவர்கள். கடலில் தாராளமாக ஓடித் திரும்பி, எதிர்த்துச் சுட்டுக்கொண்டிருந்த இத்தகைய பெரும் போர்க்கப்பல்கள் விமானங்களால் மட்டுமே மூழ்கடிக்கப்பட்டது அதுவே முதல் தடவை.

இந்தச் செய்தி நம் கரைக்கும் வந்து சேர்ந்தது. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மலாயாத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சயாம்–பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோகப்பட்டு மாண்டார்கள். ஏப்ரலில் கொழும்பு, திரிகோணமலை, விசாகப்பட்டினம், காக்கிநாடா ஆகிய இடங்களில் குண்டுகள் விழுந்தன. சென்னை நகர மக்கள் மூட்டை முடிச்சுகளோடு பெருந்திரளாக வெளியூர்களுக்குக் கிளம்பினார்கள். ஆகவே ஒரு பெயரின் மேல் வைத்த குருட்டு நம்பிக்கைக்கு விலை கொடுத்தவர்கள் மாலுமிகள் மட்டும் அல்லர் என்பதை நினைவில் வையுங்கள்.

வளைந்த தண்டு செய்த வேலை

அத்தனை பெரிய கப்பல் எப்படி மூழ்கியது? இங்கேதான் பௌதிகம் வருகிறது.

கப்பலுக்குள்ளே இருக்கும் எந்திரத்தையும், வெளியே நீரில் சுழலும் உந்துவிசிறியையும் நீண்ட எஃகுத் தண்டு ஒன்று இணைக்கிறது. அந்தக் கப்பலில் இப்படி நான்கு தண்டுகள். தொடக்கத்திலேயே ஒரு டார்ப்பிடோ, இடப்புறத்தின் வெளித்தண்டைத் தாங்கி நின்ற பிடிப்புக்கு அருகே வெடித்தது. பிடிப்பு போனதும் தண்டு வளைந்தது. ஆனால் எந்திரமோ அதைச் சுழற்றிக்கொண்டே இருந்தது.

வீட்டு மின்விசிறியில் ஓர் இறக்கை சற்று வளைந்தால் என்ன ஆகிறது? விசிறி முழுவதும் ஆடுகிறது. மெதுவாகச் சுற்றும்போது லேசான ஆட்டம். வேகத்தைக் கூட்டினால் கொக்கியே கழன்று வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. காரணம், அச்சிலிருந்து விலகிச் சுழலும் பொருள் உண்டாக்கும் விசை, சுழற்சி வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. வேகம் மூன்று மடங்கானால் விசை ஒன்பது மடங்கு.

நாமே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 டன் எடையுள்ள தண்டுப் பகுதி ஒன்று, அச்சிலிருந்து 10 சென்டிமீட்டர் விலகி, நிமிடத்துக்கு 180 முறை சுழல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். கோணவேகம் வினாடிக்கு ஏறக்குறைய 18.85 ரேடியன், அதன் வர்க்கம் சுமார் 355. இதை 10,000 கிலோகிராமாலும் 0.1 மீட்டராலும் பெருக்கினால் 3,55,000 நியூட்டன் வருகிறது. அதாவது சுமார் 36 டன் எடைக்குச் சமமான விசை, வினாடிக்கு மூன்று முறை திசை மாறி மாறி நாலாபுறமும் இடிக்கிறது! இவை நாம் வைத்துக்கொண்ட எண்கள்தாம். ஆயினும் வளைந்த தண்டு எப்படிப்பட்ட சம்மட்டி என்பது இதிலிருந்தே விளங்கும்.

அந்தச் சம்மட்டி கப்பலின் உள்ளிருந்தே கப்பலை உடைத்தது. தண்டு உள்ளே நுழையும் இடங்களில் நீர் புகாமல் காத்த அடைப்புகளும் தடுப்புச் சுவர்களும் பிய்ந்தன. அரை மணி நேரத்துக்குள் சுமார் 2,400 டன் நீர் புகுந்தது. கப்பல் ஒரு பக்கமாகப் பதினொன்றரை டிகிரி சாய்ந்தது. ஒரு தட்டில் நீர் ஊற்றிக் கையில் ஏந்தி நடந்து பாருங்கள். தட்டு சாயும் பக்கமே நீரும் ஓடி, சாய்வை மேலும் கூட்டும். கப்பலுக்குள் புகுந்த நீரின் குணமும் அதுவே. மின்சாரம் தடைப்பட்டதால் நீரை இறைக்கும் பம்புகள் பலவும், விமானத்தைச் சுடும் பீரங்கிகள் பலவும் முடங்கின. அதன்பின் வந்த டார்ப்பிடோக்களுக்கு வேலை எளிதாயிற்று.

இவ்வளவும் உடனே தெரிந்துவிடவில்லை. 1942-இல் ஒரு குழு விசாரித்து அறிக்கை தந்தது. 2007-இல் முக்குளிப்போர் 68 மீட்டர் ஆழத்தில் கிடக்கும் உடைந்த கப்பலை நேரில் ஆராய்ந்தார்கள். அதன் பிறகுதான் பழைய முடிவுகள் சில திருத்தப்பட்டன. கப்பலைத் தாக்கியவை நான்கு டார்ப்பிடோக்களே என்பதும் தெளிவாயிற்று. 66 ஆண்டுகளுக்குப் பிறகும் 'ஏன்?' என்று கேட்டுக் கடலுக்கு அடியில் போய்ப் பார்த்தார்களே, அதுதான் விஞ்ஞான மனப்பான்மை.

81 ஆண்டுகளுக்குப் பின்

2022 ஆகஸ்ட் மாதக் கடைசியில், புதிய பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் போர்ட்ஸ்மத் துறைமுகத்திலிருந்து அமெரிக்காவுக்குப் புறப்பட்டது. இங்கிலாந்தின் கரையைத் தாண்டும் முன்பே நின்றுவிட்டது. எந்த உறுப்பு பழுதானது தெரியுமா? அதே உந்துவிசிறித் தண்டின் இணைப்பு! இம்முறை டார்ப்பிடோ இல்லை, பகைவரும் இல்லை. 33 டன் எடையுள்ள விசிறியைச் சுழற்றும் வலப்பக்கத் தண்டு சரியான நேர்கோட்டில் அமையவில்லை என்று தெரியவந்தது. பழுது பார்த்துத் திரும்ப அடுத்த ஆண்டாயிற்று.

நம் பக்கத்து விவசாயிகள் இதை உடனே புரிந்துகொள்வார்கள். கிணற்று மேட்டில் மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் கப்ளிங் ஒரு நூலளவு கோணலாகப் பொருந்தினால் போதும். முதலில் சத்தம் வரும், பிறகு ரப்பர் தேயும், பேரிங் சூடேறும், ஒரு நாள் தண்டே முறியும். நல்ல மெக்கானிக் அந்த இடத்தில் எலுமிச்சம்பழம் கட்டுவதோடு நிறுத்திக்கொள்ள மாட்டார். இரும்புப் பட்டையை வைத்து நேர் பார்ப்பார். தகடு கொடுத்து உயரத்தைச் சரிசெய்வார். கையால் சுற்றிப் பார்த்த பிறகே சுவிட்சைப் போடுவார்.

"அதே பெயர், அதே உறுப்பு! இதுதானே சார் ராசி?" என்று நீங்கள் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். கேட்டபின் அடுத்த கேள்வியையும் கேட்க வேண்டும்: வேறு பெயர் கொண்ட கப்பல்களுக்கு இப்படி நேரவில்லையா?

நேர்ந்திருக்கிறது. பிஸ்மார்க் என்பது இளவரசர் பட்டம் அன்று. ஒரு பிரதம மந்திரியின் பெயர். 1941 மே 26 அன்று விமானம் போட்ட ஒரு டார்ப்பிடோ அதன் சுக்கானை முடக்கியது. மறுநாள் அது மூழ்கியது. மேலும் கேளுங்கள். இன்றைய பிரின்ஸ் ஆஃப் வேல்ஸுக்கு 'குயீன் எலிசபெத்' என்று ஒரு மூத்த இரட்டைக் கப்பல் உண்டு. 2021 ஜூலையில் நம் கடற்படையோடு வங்காள விரிகுடாவில் பயிற்சி செய்த கப்பல் அது. 2024 பிப்ரவரியில் பெரிய கூட்டுப் பயிற்சி ஒன்றுக்குப் புறப்பட இருந்த நேரத்தில் அதன் தண்டு இணைப்பிலும் பழுது கண்டது. அப்போது அதற்குப் பதிலாக அவசரமாகப் புறப்பட்டுப் போன கப்பல் எது? 'ராசியில்லாத' பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்தான்!

கப்பலின் பின்புறம், நீருக்கு அடியில், பெரும் விசைகள் ஒன்றுகூடும் இடம். எந்தக் கப்பலுக்கும் அது பலவீனமான இடமே. ஒத்த பெயர்களை மட்டும் பொறுக்கி எடுத்து, ஒவ்வாதவற்றைத் தள்ளிவிட்டால் எதற்கும் ராசி கண்டுபிடிக்கலாம். சாதகமான சான்றுகளை மட்டும் எண்ணுவது ஜோசியம். பாதகமானவற்றையும் தேடி எண்ணுவது விஞ்ஞானம்.

அப்படியானால் பெயர் எதற்கு?

பெயரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம் கடற்படைக்கும் இந்த வழக்கம் உண்டு. 1961-இல் சேர்ந்த முதல் 'விக்ராந்த்' பிரிட்டனில் கட்டத் தொடங்கிய கப்பல். 1971 போரில் கொதிகலனில் விரிசலோடு, வேகத்தைக் குறைத்துக்கொண்டு வங்காள விரிகுடாவில் பணியாற்றியது. 1997-இல் ஓய்வு பெற்றது. 2022 செப்டம்பர் 2 அன்று சேர்ந்த புதிய விக்ராந்த், கொச்சியில் நம்மவர்களே வடிவமைத்துக் கட்டியது. பழைய பெயரைக் கேட்கும்போது நமக்குப் பெருமிதம் வருகிறது, வரட்டும். ஆனால் பழைய கொதிகலனின் விரிசலையும் கூடவே நினைத்துக்கொள்ளும் பொறியாளர்தான் அந்தப் பெயருக்கு உண்மையான வாரிசு. 2025 அக்டோபரில் அரபிக்கடலில் நடந்த கூட்டுப் பயிற்சியில் விக்ராந்தும் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸும் சேர்ந்து கலந்துகொண்டன. பழைய பெயர்களைச் சுமந்த இரண்டு கப்பல்கள். இரண்டையும் தாங்கியது ஒரே ஆர்க்கிமிடீஸ் விதி.

எங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். மலைமேல் நண்பகலில் இரண்டு கழுகுகள் வந்து உணவு உண்டு போனதைக் கண்ட பெரியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவை இப்போது வருவதில்லை. ஊர்ப் பெயரில் கழுகு இருக்கிறது. குன்றில் கழுகு இல்லை. பெயர் எதையும் காப்பாற்றித் தராது. 'ஒரு காலத்தில் இது இங்கே இருந்தது, ஏன் போயிற்று என்று பார்' என நினைவூட்ட மட்டுமே அதனால் முடியும்.

எங்கள் ஊரிலிருந்து கிழக்கே சுமார் 15 கிலோமீட்டரில் மாமல்லபுரம். அதுவும் அரசன் பெயர் கொண்ட துறைமுகமே. முதலாம் நரசிம்மவர்மனுக்கு மாமல்லன் என்பது பட்டப்பெயர். அவன் கொள்ளுப்பேரனும் ஒரு நரசிம்மவர்மன்தான். கடற்கரைக் கோயிலை எழுப்பிய இராஜசிம்மன். பெயர் ஒன்றாக இருந்தபோதிலும், பாறையைக் குடைந்த பழைய முறையிலேயே நின்றுவிடாமல், கல்லை அடுக்கிக் கோயில் கட்டும் முறை இவன் காலத்தில் சிறந்து வளர்ந்தது. அங்கே போனால், அருகிலுள்ள பூஞ்சேரிக்கும் போய் வாருங்கள். அங்கே ஒரு பாறையில் தச்சர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுள் ஒன்று கேவாத பெருந்தச்சன். ஊருக்கு அரசன் பெயர்; கல்லை நேர்பார்த்து வைத்தது தச்சன் கை. கப்பலுக்கு இளவரசர் பெயர். தண்டை நேர்பார்த்துப் பொருத்த வேண்டியது ஒரு தொழிலாளியின் கை. அந்தக் கை பிசகினால் இளவரசர் பெயர் உதவாது.

மாணவ நண்பர்களே! உங்கள் பெயரில் எழுத்தைக் கூட்டவோ குறைக்கவோ யாராவது யோசனை சொன்னால், ஒரு நிமிடம் இந்தக் கப்பலை நினையுங்கள். மார்க் குறைந்ததா? எந்தப் பாடத்தில், எந்தக் கேள்வியில், எந்தப் படியில் தவறினோம் என்று விடைத்தாளைப் பிரித்துப் பாருங்கள். கோணல் தண்டில்தான் இருக்கும். பெயர்ப் பலகையில் இராது.

பஸ்ஸில் ஏறும்போது அந்த மாணவனிடம் நான் சொன்னதும் இதுவே: "பேரை மாத்த வேண்டாம் தம்பி, கப்ளிங்கை அளந்து பார்க்கச் சொல்லு!"